எல்லாப் போர்டுக்கும் பொருந்தும் என்று அச்சடித்தவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்

சிறிய கணினிப் போர்டின் மேல் செருகும் எக்ஸ்பான்ஷன் போர்டு வந்த அட்டைப்பெட்டியை இன்னும் நான் தூக்கி எறியவில்லை. 40 பின் கொண்ட எல்லாப் போர்டுகளுக்கும் பொருந்தும் என்று அதன் ஓரத்தில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். கோபம் சற்றுத் தணிகிறது என்று தோன்றும்போதெல்லாம் அதை எடுத்து ஒருமுறை படித்துக்கொள்கிறேன். பொருந்துகிறது என்பதை நான் மறுக்கவில்லை. 40 ஊசிகளும் 40 துளைகளில் வழுக்கிக்கொண்டு இறங்குகின்றன, நான்கு மூலைத் திருகாணிகளும் நேராக உட்காருகின்றன. சாவி பூட்டுக்குள் நுழைந்துவிட்டது, ஆகவே பூட்டு திறக்கும் என்று எழுதிக்கொடுத்துப் பணம் வாங்குகிற பொருத்தம் அது.

மன்னார்குடிப் பக்கம் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். என் தாய்மாமாவுக்குப் பத்து மா நிலமும் ஒரு போர்செட்டும் உண்டு. மும்முனை மின்சாரம் எந்நேரத்துக்கு வருகிறதோ அந்நேரத்துக்கு டார்ச் லைட்டோடு கிளம்பிப் போய் மோட்டாரைப் போட்டுவிட்டு, தண்ணீர் ஏறும்வரை வரப்பில் காத்திருந்து, நிறுத்திவிட்டு வருவதுதான் அவருடைய இரவுப் பொழுது. நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் போதும், எந்நேரமும் தண்ணீர் கட்டி வைக்கத் தேவையில்லை என்பது நம் பக்கத்துப் பழைய பேச்சு. அதையே அளவோடு செய்வதற்கு, துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்து, அதனுள் தண்ணீர் மண்மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கிய பிறகு மறுபடி பாய்ச்சினால் போதும் என்று வேளாண் விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். அந்தக் குழாய்க்குள் ஒரு சென்சாரை இறக்கி, மோட்டார் கொட்டகையில் லினக்ஸ் இயங்குதளம் ஓடும் ஒரு சிறிய கணினிப் போர்டை வைத்து, நான்கு வயல்களின் அளவையும் மாமாவின் போனுக்கு அனுப்பி, ஸ்டார்டரின் பச்சைப் பட்டனுக்கு இணையாக, போர்டு சொன்னால் தானே ஒட்டுகிற சுவிட்சான ஒரு ரிலேயை மாட்டிவிட்டால் அவர் இரவில் தூங்கலாமே என்று நினைத்ததைத் தவிர நான் வேறு பாவம் எதுவும் செய்யவில்லை. மொபைல் ஸ்டார்டர் கடையிலேயே கிடைக்கிறதே என்று கேட்பீர்கள். அது மோட்டாரைப் போடும், நிறுத்தும். எந்த வயலில் எத்தனை அங்குலம் தண்ணீர் நிற்கிறது என்று அதற்குத் தெரியாது.

இது 2022இல் நடந்தது. சிப் தட்டுப்பாட்டினால், ராஸ்பெரி பை என்ற பிரபலமான கையளவு கணினிப் போர்டு அசல் விலைக்குக் கிடைக்காத காலம் அது. கிடைத்த இடத்தில் யானை விலை, குதிரை விலை சொன்னார்கள். ஆகவே அதே அளவில், அதே 40 பின்களோடு வேறொரு கம்பெனி விற்ற போர்டை வாங்கினேன். பெயர் வேண்டாம். விவரப் பட்டியலில் அது ராஸ்பெரி பையை விட எல்லாவற்றிலும் ஒரு படி மேலே இருந்தது. அந்தப் பட்டியலில், லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் எந்தப் பதிப்பு என்ற வரி மட்டும் இல்லை. வாங்கிய பிறகு பார்த்தால் 4.9. அந்தக் கர்னல் 2016 டிசம்பரில் வெளியானது. நான் வாங்கிய சில மாதங்களில், 2023 ஜனவரியில், அதற்கான நீண்டகால ஆதரவையும் லினக்ஸ்காரர்கள் முடித்துக்கொண்டார்கள். புதுப் போர்டு என்று பணம் கொடுத்தவன் கையில் ஆயுள் முடியப்போகிற கர்னலைத் திணிப்பதற்கு என்ன பெயர் என்று தெரிந்தவர்கள் சொல்லலாம்.

இந்த வகைப் போர்டுகள் பெரும்பாலானவற்றில் அனலாக் மின்னழுத்தத்தை அளக்கும் வழி கிடையாது. ராஸ்பெரி பையிலும் கிடையாது. ஆகவே சென்சாரைப் படிக்க மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஒரு ஏடிசி சிப் வேண்டும், மோட்டாருக்கு ரிலே வேண்டும், நேரம் காட்ட ஒரு கடிகாரச் சிப் வேண்டும். மூன்றும் ஒரே பலகையில் இருந்ததால்தான் அந்த எக்ஸ்பான்ஷன் போர்டை வாங்கினேன். மாட்டினேன், அவர்கள் கொடுத்த மாதிரி நிரலை ஓட்டினேன், அப்படி ஒரு சிப்பே இல்லை என்றது. சிப்புகளும் போர்டும் பேசிக்கொள்ளும் இரட்டைக் கம்பிக்கு ஐ2சி என்று பெயர்; அதில் முகவரிகளைத் தேடும் கட்டளையைக் கொடுத்தால் திரை முழுவதும் கோடு கோடாக ஒரு அட்டவணை வந்தது. சிப்பின் முகவரியான 48 வரவேண்டிய கட்டத்திலும் இரண்டு கோடுகள்தான். சிப் செத்துவிட்டது என்று பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பூதக்கண்ணாடியில் ஈயப் பற்றைப் பார்த்தேன், வேறொன்று வாங்கியும் பார்த்தேன். மூன்றாம் நாள்தான் புரிந்தது: ராஸ்பெரி பையில் அந்த 3ஆம், 5ஆம் பின்களுக்கு ஐ2சி-1 என்று பெயர், என் போர்டில் அதே இடத்தில் இருப்பது ஐ2சி-3. மாதிரி நிரலில் 1 என்ற எண்ணை நடு வரியில் ஆணி அடித்தாற்போல் எழுதி வைத்திருந்தார்கள். ரிலேக்கும் அதே கதைதான். 11ஆம் பின்னுக்கு ராஸ்பெரி பையில் எண் 17. என் போர்டிலோ சிப்பின் வரைபடத்தைப் பார்த்து, வரிசையை 32ஆல் பெருக்கி, மிச்சத்தைக் கூட்டி நானே கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

கடிகாரச் சிப்பில்தான் முழுவதுமாக மாட்டிக்கொண்டேன். அதை இயக்கும் நிரலான டிரைவர் லினக்ஸில் பல ஆண்டுகளாக இருக்கிறது. ஆனால் போர்டு கம்பெனி தன் கர்னலைக் கட்டும்போது அதைச் சேர்க்கவில்லை. நானே அதை மாட்யூலாக, அதாவது பிறகு சேர்க்கும் தனித் துண்டாகக் கட்டிக்கொள்ளலாம் என்றால் அதற்குக் கர்னல் ஹெடர் கோப்புகள் வேண்டும்; அவற்றையும் தரவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை நான் பார்த்ததில்லை. கேட்டு எழுதியதற்கு, இயங்குதளத்தை மறுபடி நிறுவிப் பார்க்கவும் என்று ஒரே வரியில் பதில் வந்தது.

கம்ப்யூட்டரில் ஒரு கார்டைச் செருகினால் அது தானே தன்னை அறிவித்துக்கொள்கிறது, இங்கே மட்டும் ஏன் இந்தப் பாடு என்று கடைக்கு வரும் பையன்கள் கேட்கிறார்கள். ஐ2சி கம்பியில் தொங்கும் சிப்புக்குத் தான் யார் என்று சொல்லத் தெரியாது. எந்தக் கம்பியில், எந்த முகவரியில், எந்தச் சிப் இருக்கிறது என்பதை டிவைஸ் ட்ரீ என்ற கோப்பில் யாராவது முன்கூட்டியே எழுதிக் கர்னலுக்குக் கொடுக்க வேண்டும். இந்தத் தொல்லை தெரிந்துதான் 2014இல் ராஸ்பெரி பை தன் எக்ஸ்பான்ஷன் பலகைகளுக்கு ஹேட் என்ற விதிமுறையை வெளியிட்டது. அதன்படி பலகையில் ஒரு சிறிய நினைவகச் சிப் இருக்க வேண்டும். 27, 28ஆம் பின்கள் அதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. போர்டு உயிர்பெறும்போது அதைப் படித்து, மேலே உட்கார்ந்திருப்பது யார் என்று தெரிந்துகொள்ளும். எவ்வளவு அழகான ஏற்பாடு! என் பலகையில் அந்தச் சிப்புக்கான இடம் வெள்ளைக் கோட்டில் வரையப்பட்டிருக்கிறது, சிப்பைத்தான் வைக்கவில்லை. சொற்பக் காசை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். வைத்திருந்தாலும் என் போர்டு அதைப் படித்திருக்காது என்பது வேறு விஷயம்.

லினக்ஸ் உலகில் மூலக் கர்னலை, ஆற்றின் மேற்புறம் என்று பொருள்படும் சொல்லால்தான் குறிப்பிடுகிறார்கள். டெல்டாக்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம்; அது தலைமடை. ஜூன் 12ஆம் தேதி மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் திரும்பி, நீடாமங்கலத்தை அடுத்த மூணாறு தலைப்பில் கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து, எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்வதற்குள் நாற்றங்கால் கருகிப்போகும் ஆண்டுகள் உண்டு. ஆனால் ஆற்றில் தண்ணீர் வரவில்லை என்றால் கேட்பதற்கு நீர்வளத்துறை என்று ஒன்று இருக்கிறது, மறியலுக்குச் சாலை இருக்கிறது. தலைமடையில் எழுதப்பட்ட டிரைவரை நடுவழியில் மதகை இறக்கி மறித்துவிட்ட கம்பெனியிடம் கேட்பதற்குக் கடைமடைக்காரனுக்கு என்ன இருக்கிறது?

இனி அந்த இரவுக்கு வருகிறேன். குறுவைக்கு முளைகட்டிய விதையை நாற்றங்காலில் தெளித்து மூன்றாம் நாள். கடிகாரச் சிப்பை நான் கைவிட்டிருந்தேன். 4ஜி டாங்கிள் வழியாக இணையத்திலிருந்து நேரத்தை எடுத்துக்கொள்ளட்டும், சரியான நேரம் தெரியும்வரை எந்த ரிலேயையும் தொடக்கூடாது என்று நிரலில் எழுதியிருந்தேன். ஜாக்கிரதையாக இருப்பதாக எனக்கு நினைப்பு. மின்சாரம் போயிற்று, இரண்டரை மணிவாக்கில் திரும்பி வந்தது. போர்டு எழுந்தது. லினக்ஸ் வருவதற்கு முன்பே ஓடுகிற யு-பூட் என்ற தொடக்க நிரல், என் ரிலே உட்கார்ந்திருந்த பின்னைப் போர்டின் நிலை விளக்கு என்று எண்ணி, நான் உயிரோடு இருக்கிறேன் என்று காட்டுவதற்காக அதைச் சில நொடிகள் ஏற்றிவைத்தது. ரிலே ‘டக்’ என்று ஒட்டியது. ஸ்டார்டருக்கு அவ்வளவு போதும். பச்சைப் பட்டனை ஒருமுறை அழுத்திவிட்டால் பிறகு கையை எடுத்தாலும் உள்ளே இருக்கும் மின்காந்தச் சுருள் பிடித்துக்கொள்ளும், சிவப்பை அழுத்தும்வரை மோட்டார் நிற்காது. சிவப்பை அழுத்த வேண்டிய என் நிரலோ, இணையம் வரவில்லை, நேரம் தெரியவில்லை என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

விடியற்காலை மாமா போனில் கூப்பிட்டார். “மாப்ளே, நாத்தங்கால கொளமாக்கிட்டு ஒன் கம்ப்யூட்டரு நல்லாத் தூங்குதுடா.” திட்டியிருந்தால் பரவாயில்லை. போய்ப் பார்த்தபோது வெள்ளை முளையோடு விதைகள் மூலையில் ஒதுங்கி, நுரையோடு நுரையாக மிதந்துகொண்டிருந்தன. வாரியெடுத்தால் கையில் ஒட்டின. மேசையில் வைத்துச் சோதித்தபோதே ஒவ்வொரு முறையும் அந்த ‘டக்’ கேட்டிருக்கிறது. பலகை தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்கிறது என்று நினைத்துவிட்டேன். என் பங்குத் தவறு அது. ரிலேக்கு முன்னால் ஒரு தாமதச் சுற்று வைத்திருக்க வேண்டும், அல்லது மோட்டார் வேலையை ஒரே நிரலை மட்டும் ஓட்டுகிற ஒரு சாதாரண மைக்ரோகண்ட்ரோலர் சிப்பிடம் விட்டிருக்க வேண்டும். ஆனால் எந்தப் பின் துவக்கத்தில் எப்படி இருக்கும் என்று ஒரு அரைப்பக்கக் கையேடாவது தந்திருந்தால் அந்த விதை பிழைத்திருக்கும்.

தட்டுப்பாடு தீர்ந்தபின், போதுமடா சாமி என்று அசல் ராஸ்பெரி பை 5 வாங்கினேன். அது 2023 அக்டோபரில் வெளியானது. ஆவணங்கள் ஒழுங்காக இருக்கின்றன, போர்டிலேயே கடிகாரம் இருக்கிறது. அதற்கான பேட்டரியை மட்டும் தனியாக வாங்க வேண்டும். குறை சொல்லவே கூடாது என்றுதான் இருந்தேன். பழைய எக்ஸ்பான்ஷன் போர்டை மாட்டி, பத்தாண்டுகளாக உலகமே பயன்படுத்திய, பின்களை இயக்கும் பைதான் ஜிபிஐஓ லைப்ரரியைக் கூப்பிட்டால், சிப்பின் அடிப்படை முகவரியையே கண்டுபிடிக்க முடியவில்லை என்று கைவிரித்துவிட்டது. காரணம், பை 5இல் பின்கள் மையச் சிப்போடு நேரடியாக இல்லை. ஆர்பி1 என்ற தனிச் சிப்புக்குப் போய்விட்டன. மாற்று லைப்ரரி இருக்கிறது, அதை நிறுவப் போனால், பைதான் சூழலை இயங்குதளம் நிர்வகிக்கிறது, நீ தொடாதே என்று புத்தகப்புழு என்ற பெயர் கொண்ட, அப்போது புதிதாக இருந்த டெபியன் லினக்ஸ் பதிப்பு தடுத்தது. பூட் கோப்புறையிலிருந்த அமைப்புக் கோப்பையும் அந்தப் பதிப்பில் உள்ளே ஃபர்ம்வேர் என்ற இன்னொரு கோப்புறைக்கு மாற்றிவிட்டார்கள். எக்ஸ்பான்ஷன் போர்டுக்காரர் தந்த வழிகாட்டியோ இன்றுவரை பழைய முகவரியைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. கடையில் சும்மா கிடந்த ஒரு பை 4இல் போட்டுப் பார்த்தேன், 6.6 கர்னலுக்கு ஏறியதும், பின்னின் எண்ணைக் கோப்பில் எழுதி இயக்கும் பழைய முறையில் 17 என்று எழுதிய எண் வேலை செய்யவில்லை, 512ஐக் கூட்டி 529 என்று எழுத வேண்டுமாம். பழைய முறையைக் கைவிடச் சொல்லி 2016 முதலே எச்சரிக்கிறார்கள் என்பது உண்மை. அதைப் பலகை விற்பவர்கள் காதில் போட்டுக்கொள்ளாததற்கு நான் தண்டம் கட்டுகிறேன்.

மின்சாரத்திலும் ஒரு கூத்து. பை 5 கேட்பது 5 வோல்ட்டில் 5 ஆம்பியர். கடைகளில் விற்கும் பெரிய வாட் சார்ஜர்கள் வோல்ட்டை 9, 15, 20 என்று ஏற்றித்தான் அந்த வாட்டைத் தருகின்றன. 5 வோல்ட்டில் பெரும்பாலும் 3 ஆம்பியரோடு நின்றுவிடும். அப்படி நின்றால் போர்டு நான்கு யுஎஸ்பி துளைகளுக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியர்தான் என்று ரேஷன் போடுகிறது, 4ஜி டாங்கிள் நேரம் பார்த்து விழுந்துவிடுகிறது. பழைய கேமரா கேபிளும் சேரவில்லை. 15 கம்பித் துளை 22 கம்பித் துளையாகச் சுருங்கிவிட்டது.

இவ்வளவுக்கும் நான் கேட்பது பெரிய சலுகை இல்லை. அந்த அட்டைப்பெட்டியின் ஓரத்தில், எந்தப் போர்டில், எந்தக் கர்னல் பதிப்பில், எந்த மாதம் சோதித்துப் பார்த்தோம் என்று மூன்றே விவரங்களை அச்சிடுங்கள். துவக்கத்தில் ரிலே ஒட்டுமா ஒட்டாதா என்று ஒரு வரி எழுதுங்கள். சோதிக்கவில்லை என்றால் சோதிக்கவில்லை என்றே போடுங்கள், வாங்குகிறவன் தெரிந்தே வாங்கட்டும்.

இப்போது கொட்டகையில் பெட்டி ஓடுகிறது. கர்னல் அப்டேட்டை நிறுத்தி வைத்திருக்கிறேன், ரிலே வேலையை ஒரு மைக்ரோகண்ட்ரோலருக்கு மாற்றிவிட்டேன், இருபது முறைக்கு மேல் மின்சாரத்தை நிறுத்திப் போட்டுப் பார்த்துவிட்டேன், ஒருமுறைகூட ‘டக்’ சத்தம் வரவில்லை. வயலில் தண்ணீர் 15 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கினால் மாமாவின் போன் அடிக்கிறது. அவர் எழுந்து டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு போய் மோட்டாரைப் போடுகிறார். பச்சைப் பட்டனுக்குப் போகும் கம்பியை மறுபடி மாட்ட இன்னும் என்னை விடவில்லை.