ஜேசன் கேட்டா முழுசா குடு, இல்லனா எரர் அடி

வயிறு எரியுதுங்க. டேபிள்ல இருக்குறத ஜேசனா (JSON, ப்ரோகிராம்கள் ஒண்ணுக்கொண்ணு டேட்டா அனுப்புற டெக்ஸ்ட் ஃபார்மட்) குடுனு கேக்குறோம், அதுக்கு எந்த டேட்டாபேஸத் தொட்டாலும் ஒரு குழி, அந்தக் குழியும் பத்து ரோ வச்சு டெஸ்ட் பண்றப்போ கண்ணுல படாது, நெஜ டேட்டா ஏறினப்புறம்தான் காலை வாரும்.

மைக்ரோசாஃப்டோட எஸ்க்யூஎல் சர்வர எடுத்துக்கங்க. 2016 வெர்ஷன்ல ரிசல்ட ஜேசனா தர்ற ஃபார் ஜேசன் கொண்டு வந்தாங்க, நல்ல விஷயம்தான், ஆனா ரிசல்ட் பெருசானா அது ஒரே ஸ்ட்ரிங்கா வராது, சுமார் 2033 எழுத்துக்கு ஒரு வெட்டு வெட்டி தனித்தனி ரோவா வரும். நம்ம கோடு மொத ரோவ மட்டும் படிச்சா {"பெயர்":"கும அப்படினு பாதில நிக்கும், ஜேசனப் படிக்கிற பார்சர் கத்தும், எல்லாரும் பார்சரத்தான் நோண்டிட்டு இருப்பாங்க. எல்லா ரோவையும் ஒட்டணும், இல்லனா மொத்த குவெரியையும் இன்னொரு செலக்டுக்குள்ள போட்டு ஒரே வேல்யூவா எடுக்கணும். டாக்குமென்ட்ல இருக்குதான், இல்லங்கல, ஆனா ஒரு ஜேசன் கேட்டவனுக்கு ஒரு ஜேசன் தானே குடுக்கணும்? இது பத்தாதுனு நல் (null, மதிப்பே இல்லைங்கறது) வேல்யூ இருந்தா அந்த கீயவே, அதாவது பேரையே, தூக்கிடும், வேணும்னா இன்க்ளூட் நல் வேல்யூஸ்னு நாமதான் தனியா கேட்டு வாங்கணும்.

போஸ்ட்கிரெஸ் இதுக்கு எவ்வளவோ மேல், ஆனா அங்கயும் பல ரோவ ஒரே ஜேசன் அரேயா (பட்டியலா) சேக்குற ஜேசன்_அக் ஒரு ரோவும் கெடைக்கலனா காலி அரே குடுக்காது, நல் குடுக்கும், ஃப்ரன்ட் எண்ட்ல லூப் போடுறவன் தலைல விழும். நல்லுக்கு பதிலா வேற மதிப்பு தர்ற கோஅலெஸ் போட்டு [] (காலி அரே) வாங்குறோம், சரி. ஆர்டர் இல்லாத கஸ்டமரையும் சேத்து எடுக்க லெஃப்ட் ஜாயின் பண்ணினா? ஆர்டரே போடாத கஸ்டமருக்கு [null] வரும், அதாவது ஒரு ஆர்டர் இருக்குனு எண்ணிக்கை காட்டும். அதுக்கு ஒரு ஃபில்டர் எழுதணும்.

மைஎஸ்க்யூஎல்ல 5.7.22லயே இதே வேலை செய்யற ஜேசன்_அரேஅக் வந்துருச்சு, இன்னும் ஸ்ட்ரிங்க ஒட்டுற குரூப்_கான்கேட்டும் கான்கேட்டும் வச்சு கையால பிராக்கெட் ஒட்டிட்டு இருக்காங்கப்பா, பேருக்குள்ள ஒரு டபுள் கோட் வந்தா மொத்தமும் காலி. குரூப்_கான்கேட்டோட டிஃபால்ட் லிமிட் 1024 பைட், அதத் தாண்டினா வெட்டிடும், ஒரு வார்னிங் மட்டும் வரும், எந்த ஆப்ல எவன் அந்த வார்னிங்க எடுத்துப் பாக்குறான்?

இதெல்லாமாவது எங்கயாவது உடைஞ்சு நிக்கும், கண்டுபிடிச்சிரலாம். எனக்கு ரத்தம் கொதிக்கிறது பிக்இன்ட் (பெரிய முழு எண்) ஐடில. டேட்டாபேஸ்ல 9007199254740993னு இருக்கும், ஜேசன்லயும் சரியாத்தான் போகும், பிரவுசர்ல ஜாவாஸ்கிரிப்ட் பார்ஸ் பண்ணினதும் அது 9007199254740992 ஆயிடும். எரர் கெடையாது, வார்னிங் கெடையாது, லாக்ல ஒரு வரி கெடையாது. ஜாவாஸ்கிரிப்ட் நம்பர் 9007199254740991 வரைக்கும்தான் ஒவ்வொரு முழு எண்ணையும் பிசகாம வச்சிருக்கும், அதுக்கு மேல பக்கத்து நம்பருக்கு ரவுண்ட் பண்ணிடும். யூசர் ஒரு ரெக்கார்ட திறந்து எடிட் பண்ணி சேவ் அடிச்சா அப்டேட் போறது வேற ஒருத்தரோட ரெக்கார்டுக்கு. இதுல பணக் கணக்கோ மருந்துச் சீட்டோ இருந்தா என்ன ஆகும்னு கொஞ்சமாச்சும் யோசிச்சுப் பாருங்க.

டெசிமலும் இதே கததான், தேதிக்கு ஜேசன்ல ஒரு டைப்பே கெடையாது, ஒவ்வொரு டீமும் ஒரு ஃபார்மட்ல அனுப்புது, டைம்சோன் போடாமலே பாதி பேர் அனுப்புறாங்க.

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு, முழுசா குடுக்க முடியலனா எரர் அடிச்சு நில்லு, பாதிய குடுத்துட்டு முழுசு மாதிரி காட்டாத. நம்ம பக்கத்துலயும் பெரிய ஐடிய ஸ்ட்ரிங்கா அனுப்புங்கனு எத்தன ரிவ்யூல சொன்னாலும் "அது நம்பர் தானே ப்ரோ"னு பதில் வருது. ஐடிய வச்சு கூட்டப் போறியா, கழிக்கப் போறியா? ஸ்ட்ரிங்கா அனுப்புப்பா!