மேமோகிராம் வேன் வீண் செலவா?

"ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழிவந்த) பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் குறைவு, அவர்கள் பகுதிக்கு மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே பரிசோதனை) வேன் அனுப்புவது வீண்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதி சரி. அமெரிக்காவில் வெள்ளையினப் பெண்களைவிட அவர்களுக்கு இந்நோய் வரும் விகிதம் குறைவுதான். ஆனால் அவர்களிடையே புற்றுநோய்ச் சாவுகளில் முதலிடம் இதற்குத்தான். முற்றிய பிறகு கண்டுபிடிக்கப்படுவதும் அதிகம். காரணம், பலருக்குக் காப்பீடு கிடையாது, பரிசோதனைக்கு லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு, ஸ்பானிஷில் விளக்க ஆள் இல்லை. தேவாலய வாசலிலேயே வேன் வந்து நின்றால் பாதித் தடை அங்கேயே விலகும்.

அப்புறம், வேனில் இருப்பது "ஒப்புக்கு ஒரு மெஷின்" என்று அவர் சொல்வதும் தப்பு. அமெரிக்காவின் 1992 மேமோகிராம் தரச் சட்டம் மருத்துவமனையைப் போலவே வேனையும் கட்டுப்படுத்துகிறது. குறை சொல்வதென்றால் இதைச் சொல்லலாம்: படத்தில் சந்தேகம் வந்தால் பயாப்சிக்கு (திசுவை எடுத்துச் சோதிப்பதற்கு) மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும், அந்தச் செலவை யார் ஏற்பது?