பயிற்சி மாணவர்கள்தான், ஆனால் கேட்க ஆள் இருக்கிறது

"மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கவுன்சிலிங் (மனநல ஆலோசனை) என்ற பெயரில் படிக்கிற பிள்ளைகள் நம் தோட்டத்து மக்களை வைத்துப் பழகுகிறார்கள், கேட்க ஆளில்லை" என்று அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. அவர்கள் பயிற்சி மாணவர்கள்தான். ஆனால் 1998ஆம் ஆண்டு கவுன்சிலர் (மனநல ஆலோசகர்) சட்டப்படி, கவுன்சிலர் வாரியத்தில் பதிந்து தொழில் சான்றிதழ் வாங்கியவர்தான் கவுன்சிலராகத் தொழில் செய்யலாம். அப்படிப் பதிவு பெற்ற நான்தான் அங்கே மேற்பார்வை பார்க்கிறேன்.

மாணவர்கள் முதலில் தங்களுக்குள் நடித்துப் பழகுவார்கள், அப்புறம்தான் அறைக்குள் போவார்கள். ஒவ்வொரு சந்திப்பையும் என்னோடு உட்கார்ந்து பேசியாக வேண்டும். உயிரை விடும் எண்ணமோ, பிள்ளையை அடிக்கும் செய்தியோ வந்தால் அந்த நிமிடமே என்னைக் கூப்பிடுவார்கள்.

"நான் பயிற்சியில் இருக்கிறேன், மேற்பார்வையாளரிடம் இதைப் பேசுவேன்" என்று வருகிறவரிடம் முதலிலேயே சொல்லிச் சம்மதம் வாங்குகிறோம். வேண்டாம் என்றால் நானே பேசுவேன். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள், பேச்சு வெளியே போய்விடுமோ என்ற அண்ணனின் பயம் நியாயமானது. அதனால்தான் அதே தோட்டத்துப் பிள்ளையிடம் அந்த ஊர்க்காரரை ஒப்படைப்பதில்லை.