மார்ஷல் அந்த முறையைக் கண்டுபிடிக்கவில்லை
இடிந்த கட்டடத்தை அதன் சொந்தக் கற்களைக் கொண்டே திரும்ப எழுப்பும் அனஸ்டைலோசிஸ் முறையை, பிரெஞ்சுக்காரரான ஆன்ரி மார்ஷலே உருவாக்கினார் என்று ஒரு கட்டுரை சொல்வது சரியல்ல. 1916-இல் கம்போடியாவின் அங்கோர் கோயில்களைப் பாதுகாக்கும் பொறுப்புக்கு வந்த அவர், காடு வெட்டி, சாய்ந்த சுவருக்குக் கான்கிரீட் முட்டுக் கொடுக்கும் வழியில்தான் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். 1930-இல் ஜாவா போய் டச்சுக்காரர்களிடம் கற்றுத் திரும்பிய பிறகே 1931-இல் அங்கோரின் பந்தியாய் ஸ்ரே கோயிலில் கை வைத்தார். இந்த முறையில் விழுந்த கல்லுக்கெல்லாம் எண் போட்டு, தரையிலேயே அடுக்கிப் பொருந்துகிறதா என்று பார்த்து, நிற்கும் பகுதியையும் பிரித்து, அடித்தளத்தை உறுதிப்படுத்தியபின் வரிசை வரிசையாக ஏற்ற வேண்டும். அங்கோரைக் கட்டிய க்மேர் மக்களின் கல் கட்டுமானத்தில் காரை கிடையாது. கல்லோடு கல்லைத் தேய்த்துப் பொருத்தியிருப்பதால் ஒவ்வொன்றும் தன் இடத்தில் மட்டும்தான் உட்காரும். செங்குத்து இணைப்புகள் பல இடங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக நேர்கோட்டில் விழுவதால், தளம் சற்று இறங்கினாலே சுவர் பிளந்துவிடும். உள்ளே வைக்கும் இரும்புக் கவ்வியிலும் கவனம் தேவை. துருப்பிடித்து உப்பினால் மணற்கல்லையே உடைத்துவிடும். சிறிய கோயில், கடினமான சிவப்பு மணற்கல், கூர்மை மழுங்காத செதுக்கல், இவை மூன்றும் பந்தியாய் ஸ்ரேயில் மார்ஷலுக்குக் கைகொடுத்தன. ஆனால் அங்கோரின் இன்னொரு கோயிலான பாபுவோனில், இதே முறைக்காக 1960-களில் பிரித்துவைத்த சுமார் 3 லட்சம் கற்களின் பதிவேடுகள் போரில் அழிந்துபோக, வேலை முடிய 2011 ஆனது.