40 புள்ளிகள் எடுத்தால் தரமிறக்கம் இல்லையா?

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்துத் தொடரில் 40 புள்ளிகளை எட்டிய அணி கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படாது என்பது விதி என்றும், அதற்குக் குறைந்தால் தப்ப வழியில்லை என்றும் ரசிகர்களிடையே ஒரு தகவல் பரவி வருகிறது. இரண்டுமே தவறு.

அப்படியொரு விதி கிடையாது. 20 அணிகளில் கடைசி மூன்று இடங்களைப் பிடிப்பவை இறங்கும், அவ்வளவுதான். 2002-03 பருவத்தில் வெஸ்ட் ஹாம் 42 புள்ளிகளுடன் வெளியேறியது. அதற்கு முன், 1997-98இல், போல்டனும் எவர்டனும் 40 புள்ளிகளில் சமநிலையில் முடிக்க, கோல் வித்தியாசத்தில் (அடித்த கோல்களுக்கும் வாங்கிய கோல்களுக்கும் உள்ள வேறுபாடு) பின்தங்கிய போல்டன் தரமிறக்கப்பட்டது. அந்த ரசிகர்களுக்கு இதைவிடக் கொடுமை வேறென்ன இருக்க முடியும்?

மறுபுறம், 2004-05இல் கிறிஸ்துமஸ் வேளையில் பட்டியலின் அடியில் கிடந்த வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் வெறும் 34 புள்ளிகளுடன் தப்பியது. 2023-24இல், நான்கு புள்ளிகள் பறிக்கப்பட்ட பிறகும், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 32 புள்ளிகளுடன் நிலைத்தது. அதற்கு அடுத்த இடத்திலிருந்த லூட்டன் எடுத்தவை 26 மட்டுமே.

ஆகவே, தம் அணியின் வாய்ப்பைக் கணிப்பவர்கள் 40 என்ற எண்ணைவிட, பதினெட்டாவது இடத்திலுள்ள அணியுடனான புள்ளி இடைவெளியையும், கோல் வித்தியாசத்தையும், எஞ்சிய ஆட்டங்களில் எதிர்கொள்ளவிருப்பவர்கள் யார் என்பதையும் பார்ப்பதே சரியானது.