கட்டாய 'டீப்ரீஃபிங்' மனவடுவைத் தடுப்பதில்லை

குண்டுவீச்சையோ சக ஊழியரின் மரணத்தையோ நேரில் கண்ட நிவாரணப் பணியாளர்கள் அனைவரையும் ஓரிரு நாட்களுக்குள் உட்காரவைத்து, நடந்ததை விரிவாகச் சொல்லவைத்தால் (இதுவே 'டீப்ரீஃபிங்'), பின்னாளில் மனவடு நோய் (பி.டி.எஸ்.டி.) வராது என்று சிலர் கூறுவதுண்டு. அக்கறையோடுதான் சொல்லப்படுகிறது, 1990களில் பல அமைப்புகளும் இதை நம்பிச் செயல்படுத்தின. ஆயினும் ஆய்வுகள் இதை ஆதரிக்கவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, இம்முறையைச் சோதித்த ஆய்வுகளை ஆராய்ந்து வெளியிட்ட 2002ஆம் ஆண்டின் மீளாய்வு, ஒரே அமர்வில் முடியும் இம்முறை நோயைத் தடுப்பதாகச் சான்றில்லை என்றும், கட்டாயப்படுத்துவதை நிறுத்த வேண்டும் என்றும் முடிவுகூறியது. அதில் இடம்பெற்ற ஓர் ஆய்வில், தீக்காயம் பட்டவர்களுள் இந்த அமர்வுக்கு உட்பட்டோருக்கே 13 மாதங்களுக்குப் பின் பாதிப்பு கூடுதலாகக் காணப்பட்டது என்பதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

பேச விரும்புபவரைத் தடுக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. பேச விரும்பாதவரை வற்புறுத்தலாகாது என்பதே. உளவியல் முதலுதவி என்பது, வற்புறுத்தாமல் ஆறுதலும் உடனடித் தேவைக்கான உதவியும் தருவது; அதுபற்றிய உலக சுகாதார நிறுவனத்தின் 2011ஆம் ஆண்டுக் கையேட்டில், 'உளவியல் முதலுதவி எது அல்ல' என்று விளக்கும் பகுதியைப் படித்தால் இவ்வேறுபாடு தெளிவாகும். மனிதநேய அமைப்புகளின் கூட்டுக்குழுவான ஐ.ஏ.எஸ்.சி. 2007இல் வெளியிட்ட வழிகாட்டியில், பணியாளர் நலம் பற்றிய 4.4ஆம் பகுதி, உடனடியாக உளவியல் முதலுதவியும், நிகழ்வுக்குப் பின் ஒன்று முதல் மூன்று மாதங்களுக்குள் மனநல வல்லுநர் ஒருவர் அதில் சிக்கித் தப்பிய உள்நாட்டு, வெளிநாட்டுப் பணியாளர் அனைவரையும் தொடர்புகொண்டு நலம் அறிவதும் வேண்டும் என்கிறது. மூன்று ஆவணங்களையும் இணையத்தில் தேடிச் சரிபார்க்கலாம்.