கண்டவன் நான்தான்

"கண்டவனும் ஹேலோ ஆடப்போறான்னா, அப்புறம் நாங்க எதுக்கு எக்ஸ்பாக்ஸ் வாங்கினோம்?"

நம் கேம் குழுவில் இதைச் சொன்னது யார் என்று உங்களுக்குத் தெரியும். பெயர் வேண்டாம். 2001ல் மைக்ரோசாஃப்டின் முதல் கேம் கன்சோலான எக்ஸ்பாக்ஸோடு வந்த ஹேலோ கேமைப் புதுப்பித்து, சோனியின் கன்சோலான ப்ளேஸ்டேஷன் 5க்கும் தருகிறோம் என்று 2025 அக்டோபரில் அறிவித்தார்கள். அன்று தொடங்கிய பேச்சு இன்னும் ஓயவில்லை. ப்ளேஸ்டேஷன் வைத்திருக்கும் அந்தக் கண்டவன் நான்தான். ராத்திரி முழுக்க அந்தச் சொல் மண்டைக்குள் ஓடியது.

நான் கேட்பது ஒன்றுதான். ஒரு கேம் எனக்கும் கிடைத்தால் உங்கள் கையில் இருப்பதில் என்ன குறைந்துபோகிறது?

ஒரே கன்சோலுக்கு மட்டும் கேம் தரும் எக்ஸ்க்ளூசிவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2014ல் பேயோனெட்டா 2 கேம் நின்டெண்டோவின் வீ யூ கன்சோலுக்கு மட்டும் வந்தபோது பலர் கொதித்தார்கள். நின்டெண்டோ பணம் போட்டிராவிட்டால் அந்த கேமே வந்திருக்காது. விதைத்தவன் அறுக்கிறான், சரி. எனக்கு வயிறு எரிவதெல்லாம், எப்படியும் எல்லோருக்கும் வரவேண்டிய கேமைக் காசு கொடுத்து நிறுத்திவைக்கும்போதுதான். அந்தக் காசு கேமை உருவாக்கவா போகிறது? அந்த கேம் என்னிடம் வந்துவிடாமல் தடுக்கத்தான் போகிறது.

2013ல் வந்த டூம் ரைடர் கேமை அண்ணனும் நானும் சேர்ந்து முடித்தோம். ஒரே கண்ட்ரோலர். சண்டை என்றால் அவன், கல்லறைப் புதிர் என்றால் நான். அவன் அழுத்திய அழுத்தில் இடது ஸ்டிக்கின் ரப்பர் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது, என் முறை வந்தால் விரல் வழுக்கும். அடுத்த பாகம் 2015 நவம்பரில் எக்ஸ்பாக்ஸுக்கு வந்தது. எங்களுக்கு வந்தது 2016 அக்டோபரில். அந்தப் பதினொரு மாதத்தில் அண்ணனுக்கு வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டான். கேம் வந்தது, ஆடினேன். சண்டைகளையும் நானே போட்டேன்.

"பதினொரு மாதம்தானே" என்பீர்கள். உங்களுக்கு அது மாதக் கணக்கு.

"சோனி மட்டும் யோக்கியமா?" இல்லை. ஃபைனல் ஃபேண்டஸி 16 ப்ளேஸ்டேஷன் 5க்கு 2023 ஜூனில் வந்தது, எக்ஸ்பாக்ஸ்காரர்கள் 2025 ஜூன் வரை காத்துக் கிடந்தார்கள். அதுவும் தப்புதான். அப்போதும் இதைத்தான் சொன்னேன்.

போட்டி இருந்தால்தான் நல்ல கேம் வரும் என்கிறார்கள். நல்ல கேம் செய்து போட்டி போடட்டும், யார் தடுத்தது?

"இன்னொரு கன்சோலும் வாங்கிக்கோ" என்பதற்கு மட்டும் எனக்குக் கோபம் வருகிறது. ஒன்று வாங்கவே எத்தனை மாதம் சேர்த்துவைத்தோம் என்று எனக்கும் அண்ணனுக்கும்தான் தெரியும். நீங்களும் அப்படித்தானே வாங்கியிருப்பீர்கள்? பெட்டியைச் செய்த கம்பெனியே கதவைத் திறந்துவிட்டது. காசு கொடுத்து வாங்கிய நீங்கள் ஏன் வாசலில் காவல் நிற்கிறீர்கள்? அந்தக் கம்பெனிக்கு உங்களையும் தெரியாது, என்னையும் தெரியாது. பத்து வருடமாக ஒரே குழுவில் இருக்கும் என்னை உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் கண்டவன் என்றீர்கள்.

புது ஹேலோவை எக்ஸ்பாக்ஸில் இருப்பவரும் ப்ளேஸ்டேஷனில் இருப்பவரும் ஆன்லைனில் சேர்ந்தே ஆடலாம், நான்கு பேர் வரை. ஒரு இடம் எனக்கு. அண்ணனிடம் சொல்லிவிட்டேன், ராத்திரி வேலை முடிந்து வருகிறேன் என்றான். மீதி இரண்டு இடம் இருக்கிறது. அந்த நண்பரைக் கூப்பிடுவேனா என்று இன்றைக்குக் கேட்டால், மாட்டேன்.